கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வாரண்டி முடிந்ததும் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கம்பெனி சர்வீஸ் என்றாலே கொள்ளை என்பது ஒரு கட்சி. வெளியே விட்டால் வண்டி கெட்டுவிடும் என்பது மற்றொன்று. வண்டி முழுவதையும் ஒரே இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த வேலை என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வாரண்டி. வெளியே ஆயில் மாற்றினாலே வாரண்டி போய்விடும் என்பது எல்லா நாட்டிலும் உண்மை இல்லை. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டப்படி, எங்களிடமே சர்வீஸ் செய்தால்தான் வாரண்டி என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே போக்கில் விதிகள் உண்டு. ஆனாலும் நான் சொல்வது, வாரண்டி இருக்கும்வரை கம்பெனிக்கே போங்கள். இன்ஜினில் பெரிய கோளாறு வந்தால், சரியான ஆயிலைச் சரியான நேரத்தில் ஊற்றினோம் என்று நிரூபிக்கப் பில்லும் கையுமாக நாம் அலைய வேண்டியிருக்கும். கம்பெனி பதிவேட்டிலேயே எல்லாம் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

ரீகால், அதாவது தயாரிப்புக் குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வேலையும் கம்பெனியில்தான், அதுவும் இலவசமாக. டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்கப் பல கோடி கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஏர்பேக்கை விரியவைக்கும் ரசாயனமான அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்கள் போயின. பழைய வண்டிகளில்தான் ஆபத்து அதிகம். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள்தான் கம்பெனிப் பக்கம் போவதே இல்லை. உங்கள் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

இனி பழுது கண்டுபிடிப்பது. திறமை வெளியே வருவது இங்கேதான். இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் ஒரு கோட் காட்டும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல், கோளாறைப் பொதுவான கோட் எண்களில் சொல்லும் ஓபிடி-2 முறை கட்டாயம் என்பதால், இன்று சாதாரண ஒர்க்‌ஷாப்பிலும் அந்தக் கோட் எண்ணைப் படிக்கலாம். பி0420 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். கன்வெர்ட்டரை மாற்று என்று அது சொல்லவில்லை. சைலன்சர் குழாயில் கசிவு இருக்கலாம், ஆக்சிஜன் சென்சார் போயிருக்கலாம், இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகலாம். இதையெல்லாம் பார்க்காமல் நேராகக் கன்வெர்ட்டருக்கு எஸ்டிமேட் போடுகிறவர் எந்த போர்டுக்குக் கீழே நின்றாலும் ஒன்றுதான்.

தேய்மான வேலைகளில் நல்ல வெளி மெக்கானிக்குக்கே என் ஓட்டு. சஸ்பென்ஷனில் சத்தம் வந்தால் கம்பெனியில் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மையே மாற்றச் சொல்வார்கள், வெளியே பல வண்டிகளுக்கு அதிலுள்ள ரப்பர் புஷ் மட்டும் மாற்றித் தருவார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலும் அப்படித்தான், பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். கம்பெனி முழு அசெம்பிளியை மாற்றுவதிலும் நியாயம் உண்டு: செய்த வேலைக்கு அவர்கள் பொறுப்பேற்க வேண்டும், சீக்கிரமும் முடிக்க வேண்டும். அதற்கான விலையை நாம் கொடுக்கிறோம்.

வெளியே பயப்பட வேண்டியது டூப்ளிகேட் பார்ட்ஸுக்கு. பாஷ், டென்சோ, மாலே போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பாகங்கள் பலவற்றைத் தங்கள் பெட்டியிலும் விற்கின்றன. அவற்றை நம்பகமான கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்கலாம், மெக்கானிக் சம்மதித்தால். ஆயிலில் கிரேடு மட்டும் போதாது, மேனுவலில் உள்ள தர எண்ணும் பொருந்த வேண்டும். டிபிஎஃப், அதாவது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் ஃபில்டரிலேயே தங்கி, காலப்போக்கில் அதை அடைத்துவிடும்.

இரண்டு பக்கத்துக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பெனியில் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஜாப் கார்டு நீளும். இந்தக் கிலோமீட்டருக்கு மேனுவலில் இது இருக்கிறதா என்று கேளுங்கள், பாதி தானாக உதிரும். வெளியே இதற்கு நேர் எதிர். சொன்ன குறையைச் சரிசெய்வார்கள், காலக்கெடு வேலைகளை மறந்துவிடுவார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் வண்டி ஓடாவிட்டாலும் பல மேனுவல்கள் 2 ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கின்றன. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் இதுபோல் கெடு உண்டு. அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகளே வளைந்துபோகும். வெளியே போகிறவர் இந்தக் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்.

சாஃப்ட்வேர், சாவி புரோகிராமிங், முன்கண்ணாடி மாற்றியபின் கேமராவைச் சரியாக அமைக்கும் கேலிப்ரேஷன், ஹைப்ரிட் பேட்டரி எல்லாம், அதற்கென்றே கருவியும் பயிற்சியும் உள்ள வெளி ஆள் கிடைக்காதவரை, கம்பெனிக்கே.

வெளி மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்க முதலில் பிரேக் பேட் போன்ற சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். கழற்றும் முன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறாரா, பழைய பாகத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறாரா, கிலோமீட்டர் போட்டுப் பில் தருகிறாரா என்று கவனியுங்கள். தனக்குத் தெரியாத வேலைக்கு, இதைக் கம்பெனியில் விடுங்கள் என்று சொல்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.