லோடு ஏற்றினால் மட்டும் இழுக்காத டீசல் பிக்கப்: 2018 மாடலோடு என் அனுபவம்

வண்டி 2018-இல் எடுத்த பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் பிக்கப். நாலு சிலிண்டர், காமன் ரெயில், டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. காமன் ரெயில் என்றால் டீசலை ஒரே குழாயில் மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து, எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குக் கொடுப்பது. டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும், இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பட்ட பாடு எந்தக் கம்பெனி டர்போ டீசலுக்கும் வரக்கூடியதுதான். வேலை பெரும்பாலும் சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புலியரை வழியாகப் புனலூர் போவது. ஓணம் நெருங்கினால் வாழைத்தாரும் சேரும். நடுநடுவே திசையன்விளைப் பக்கம் முருங்கைக்காய் எடுக்கப் போவேன்.

பாடி, ஸ்பிரிங் பட்டை, கியர்பாக்ஸ் எதிலும் பெரிய குறை இல்லை. சீட் மட்டும் மோசம், அதைப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது ஒன்றுதான்: திடீரென்று இழுவை போவது. இத்தனை வருடத்தில் வேறு வேறு காரணங்களால் அது வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஒருவர் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் காலி வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு அதையே சொன்னார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஐடிலிங்கில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, டீசல் எஞ்சின் குடிப்பது மிகக் கொஞ்சம் எண்ணெய் (டீசலைத்தான் சொல்கிறேன்). டர்போ சுற்றும், ஆனால் காற்றழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் உண்டாகாது. நியூட்ரலில் எவ்வளவு உறுமவிட்டாலும் அதேதான், ஏனென்றால் எஞ்சினுக்குத் தள்ளுவதற்குப் பாரமே இல்லை. எண்ணெய் போதாமல் போவதும் காற்று போதாமல் போவதும் பாரம் ஏறும்போதுதான் வெளியே தெரியும். இழுவைக் குறையை நின்ற இடத்தில் கண்டுபிடிக்க முயல்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத பாகங்களை மாற்றிவிட்டு வருகிறார்கள்.

அதனால் ஷெட்டுக்குப் போகும் முன்பே ஓட்டுகிறவர் சில விஷயங்களைக் கவனித்து வைத்திருக்க வேண்டும். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டு கிளட்சைப் பாருங்கள். வண்டியை நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் புகையைப் பாருங்கள். கரும்புகை தள்ளினால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை. புகையே இல்லாமல் சோர்ந்து போனால், பெரும்பாலும் எண்ணெயே போதவில்லை. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டதும் இழுவை வந்துவிட்டால், எஞ்சினைக் காப்பதற்காக கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்திருக்கிறது என்று பொருள். அதற்கு லிம்ப் மோடு என்று பெயர்.

எனக்கு எளிதில் முடிந்த கதை, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்தது. தாமிரபரணி கரை மீறி வந்த அந்த வாரம் வண்டியும் தண்ணீரில் நின்றது. பிறகு ஓட்டினால் மேட்டில் புகை இல்லாமல் தளர்ச்சி, ஒரு இழுப்பு, ஒரு வெட்டு. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் கீழே, டீசல் மேலே, தெளிவாகப் பிரிந்து நின்றது. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, காற்றுப் போக பம்ப் அடித்ததும் சரியாகிவிட்டது. காமன் ரெயிலில் தண்ணீரை அலட்சியம் செய்யக்கூடாது. ஹை பிரஷர் பம்புக்கு மசகு அந்த டீசல்தான். தண்ணீர் போனால் பம்ப் தேயும், அந்தத் துகள் இன்ஜெக்டர் வரை போகும், செலவு அப்புறம் லட்சத்தை நோக்கித்தான்.

தேரி என்னும் செம்மணல் மேடுகள் பக்கம் ஓடுகிறவர்களுக்கு ஏர் ஃபில்டர் தனிப் பாடம். செம்மண் புழுதி அவ்வளவு நைசானது. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் நமக்குப் பொருந்தாது, பாதியிலேயே மாற்றிவிடுகிறேன். ஊதிச் சுத்தம் செய்வதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, அதுவும் மெதுவாகத்தான் ஊத வேண்டும். விலை குறைந்த ஃபில்டரில் ஓரத்து ரப்பர் சரியாக உட்காராது. அந்த இடுக்கில் போகும் மண் டர்போவின் இறக்கைகளை அரித்துவிடும்.

இனி அந்த நீண்ட கதை. புலியரை தாண்டி கோட்டைவாசல் ஏற்றத்தில், முழு லோடில், மூன்றாவது கியரில் கரும்புகை. கொஞ்ச தூரத்தில் மஞ்சள் விளக்கு எரியும், அதற்குமேல் மாட்டுவண்டி வேகம். ஓரம் கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி இழுக்கும், அடுத்த வளைவில் மறுபடி அதே கதை. காலியாகத் திரும்பும்போது ஒன்றுமே இருக்காது.

முதலில் போன இடத்தில் இன்ஜெக்டர் நாலையும் மாற்றச் சொன்னார்கள். தொகையைக் கேட்டதும் நான் திரும்பி வந்து ஒரு பம்ப் கடையில் ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நாலு சின்ன பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டுவார்கள். தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் சீக்கிரம் நிறையும். எனக்கு நாலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. வேறொருவர் டர்போவைச் சொன்னார். குழாயைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தோம். மேலும் கீழும் லேசான ஆட்டம் இருந்தது, அது இருக்கக்கூடியதுதான். முன்னும் பின்னும் ஆட்டமில்லை, இறக்கை டர்போவின் கூட்டில் உரசிய தடமும் இல்லை. டர்போ பிழைத்தது.

கடைசியில் தென்காசியில் ஒரு மெக்கானிக். வண்டியைத் தொடக்கூட இல்லை. "அண்ணாச்சி, லோடுலதான இழுக்கல? அப்ப லோடோட வாங்க, நானும் கூட வாரேன்" என்றார். அவ்வளவு தேடலில் எனக்குக் கிடைத்த முதல் சரியான பேச்சு அது. மறுநாள் தக்காளி லோடோடு கிளம்பினோம். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகி இரண்டு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்: ரெயில் பிரஷர் (காமன் ரெயிலில் டீசலின் அழுத்தம்), காற்றுக்குழாய் அழுத்தம். ரெயில் பிரஷர் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு ஏறிக்கொண்டே போனது. ஆக, எண்ணெய்ப் பக்கம் பழுதில்லை. காற்றழுத்தம் மட்டும் கேட்ட அளவில் முக்கால்வாசிகூட வரவில்லை. எஞ்சின் நிற்கும்போதே சமவெளியில் அந்த எண் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டும், அது வெறும் வளிமண்டல அழுத்தம். மேட்டில் அது நன்றாக உயர வேண்டும். விளக்கு எரிந்ததும் கோடு, அதாவது பழுதுக் குறியீடு, பி0299 விழுந்தது: டர்போ அழுத்தம் குறைவு.

திரும்பி வந்து ஷெட்டில் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை ஒரு பிவிசி மூடியால் அடைத்து, அதில் டயர் வால்வைப் பொருத்தி, கம்ப்ரசர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் விட்டார். சோப்புத் தண்ணீர் தெளித்ததும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. விரல்நீள வெடிப்பு. காற்றில்லாதபோது உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் வந்தால் திறக்கும். காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட, எண்ணெய் மட்டும் முழுக் கணக்குக்கு விழுந்தது. கரும்புகைக்குக் காரணம் அதுதான். ஹோஸைச் சுற்றி ஆயிலும் புழுதியும் அப்பியிருந்ததை முன்பு பார்த்தவர்கள், "டர்போ வண்டின்னா அப்படித்தான்" என்று துடைத்துவிட்டார்கள். ஹோஸும் கிளிப்பும் சேர்த்து, இன்ஜெக்டருக்குக் கேட்ட தொகையில் ஒரு சின்ன மூலைதான்.

அதற்குப் பிறகு நானே சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செல்போனில் பார்க்கிறேன். எல்லா ஆப்பும் ரெயில் பிரஷரைக் காட்டாது, வாங்கும் முன் உங்கள் வண்டிக்குக் காட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும். ரெயில் பிரஷர் கேட்ட அளவுக்கு வராவிட்டால் விழும் கோடு பி0087. அப்போது முதலில் ஃபில்டர், அடுத்து டேங்கிலிருந்து வரும் குழாய், அதற்கப்புறம்தான் பம்ப். இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஐடிலிங்கிலேயே சில நூறு பார் அழுத்தம் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்கச் சின்னக் காயமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்போது வண்டி புலியரையை மூன்றாவது கியரில் புகையில்லாமல் ஏறுகிறது. புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி சேர்வது மட்டும் தீரவில்லை, உள்ளூருக்குள் மெதுவாக ஓட்டும் மாதங்களில் அதிகம். கழற்றிச் சுத்தம் செய்து போடுகிறேன். அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு, புகைச் சோதனையில் மாட்டவும் கோடு விழவும் எனக்கு விருப்பமில்லை. பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் இந்தத் தலைமுறை எஞ்சினை நம்பி வாங்கலாம், ஆனால் காலி வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு நடை லோடு உங்கள் செலவிலேயே ஏற்றி, ஆரியங்காவு வரை போய் வரச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.