ஃப்ரேம் ரிலே கிளை வலையமைப்பில் ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி: நெடுநாள் அனுபவம்

ஒரே தலைமையகம், அதிலிருந்து 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஃப்ரேம் ரிலே (தொலைத்தொடர்பு நிறுவனம் வழங்கும் பழைய வகைத் தொலைதூர இணைப்பு) இணைப்பில் தொங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளைகள், கிளைக்கும் கிளைக்கும் நேரடித் தடம் இல்லாத நிலை: இத்தகைய வலையமைப்பைப் பல ஆண்டுகள் பராமரித்திருக்கிறேன். ரூட்டர்கள் தடங்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளான ஆர்ஐபி, ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி மூன்றையும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கிப் பார்த்தோம். எங்கே போனாலும் தலைமையகம் வழியாகத்தான் போக வேண்டிய கிளை ரூட்டருக்கு மற்ற கிளைகளின் நிலவரம் தேவையே இல்லை என்பதுதான் நான் கண்டறிந்தது.

முதலில் இருந்த ஆர்ஐபி, 30 நொடிக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் அனுப்பிக்கொண்டிருந்ததால், விரைவிலேயே அதைக் கைவிட்டோம்.

அடுத்து வந்த ஓஎஸ்பிஎஃபை நான்-பிராட்காஸ்ட் முறையில் (ஒரே செய்தியை எல்லாருக்கும் ஒருசேர அனுப்ப முடியாத இணைப்புக்கான முறை), எல்லாக் கிளைகளையும் ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்) வைத்து இயக்கினோம். ஒருநாள் மின்தடையில் தலைமையக ரூட்டர் நின்றுபோக, அண்டை ரூட்டர் எதுவும் தென்படாத கிளைகள் ஒவ்வொன்றும் தன்னையே டிஆர் (சப்நெட்டிலுள்ள மற்ற ரூட்டர்களுக்குத் தடச் செய்திகளைப் பரப்பும் முதன்மை ரூட்டர்) என அறிவித்துக்கொண்டன. மின்சாரம் திரும்பியபின் தலைமையகம் அவற்றுள் ஒன்றை டிஆராக ஏற்றுக்கொண்டது. அந்தக் கிளையிலிருந்து மற்றவற்றுக்குப் பாதை இல்லாததால் பல கிளைகளின் அட்டவணையில் தடங்களே காணவில்லை. கிளைகள் எதுவும் டிஆராக முடியாதபடி, அவை அனைத்திலும் முன்னுரிமையை 0 ஆக்கிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. இருப்பினும், ஒரு கிளையின் இணைப்பு அறுவதும் மீள்வதுமாக ஆடினால் அச்செய்தி அதே ஏரியாவிலுள்ள (ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்களைப் பிரிக்கும் குழுவிலுள்ள) எல்லாக் கிளைகளுக்கும் பரவுவது நிற்கவில்லை.

இறுதியில் நிலைத்தது இஐஜிஆர்பி. தொடக்கத்தில் அதுவும் சோதித்தது: ஒரு தடம் அறுந்தவுடன் மாற்றுவழி கேட்டுத் தலைமையகம் கிளைகளுக்கெல்லாம் கேள்வி அனுப்பும், நெரிசலான இணைப்பிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த அண்டை உறவையே முறித்துவிடும். கிளைகளை ஸ்டப் (பிறருக்கு இடைவழியாகாத கடைசி முனை) ஆக அமைத்து, தலைமையகத்திலிருந்து டீஃபால்ட் ரூட் (குறிப்பிட்ட தடம் தெரியாதபோது பயன்படும் பொதுத் தடம்) மட்டும் அனுப்பிய நாள் முதல் அந்தக் கேள்விகள் கிளைகளுக்குப் போகவே இல்லை. இரண்டு மையங்களோடு இணைந்த கிளை, அம்மையங்களுக்கு இடையே இடைவழியாக மாறிவிடுவதையும் ஸ்டப் அமைப்பு தடுக்கிறது.

தலைமையக ரூட்டரில் கிளைக்கொரு பாயின்ட்-டு-பாயின்ட் சப்இன்டர்ஃபேஸ் (ஒரே இணைப்பு வாயிலின் தனிப் பிரிவு) வைத்தால், ஒரு வாயிலில் கற்ற தடத்தை அதே வாயிலில் திரும்ப அறிவிக்காத ஸ்ப்ளிட் ஹரைசன் விதியால் வரும் சிக்கலும் எழாது. ஆனால் அவை ஒவ்வொன்றிலும் பேண்ட்வித் (இணைப்பின் வேகம்) மதிப்பைக் கட்டாயம் எழுதிவிட வேண்டும். சிஸ்கோ நிறுவன ரூட்டர்களின் சீரியல் இன்டர்ஃபேஸின் இயல்பு மதிப்பு 1544 கேபிபிஎஸ் என்பதால், அதில் பாதிவரை தனக்கு உரியது என்று கருதும் இஐஜிஆர்பி, 64 கேபிபிஎஸ் இணைப்பை மூச்சுத் திணற வைத்துவிடும்.

பல நிறுவன ரூட்டர்கள் கலந்திருக்கும் இடத்தில் இஐஜிஆர்பியைப் பரிந்துரைக்க மாட்டேன். 2016இல் ஆர்எஃப்சி 7868 என்ற பொது இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான பிறகும் அது பெரும்பாலும் சிஸ்கோவோடுதான் நிற்கிறது. அங்கே ஓஎஸ்பிஎஃபை, ஒவ்வொரு கிளையையும் தனி இணைப்பாகக் கருதி டிஆர் தேவைப்படாத பாயின்ட்-டு-மல்டிபாயின்ட் முறையில் அமைத்து, கிளைகளைச் சிறு சிறு ஏரியாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டீஃபால்ட் ரூட்டை மட்டும் கொடுப்பதே என் தேர்வு.