காதுகுத்துக்கு நாயனமா, ஸ்பீக்கரா?

தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே. "அக்கா, மேளத்துக்குக் கொடுக்கிற காசுல பாப்பாவுக்குத் தோடு இன்னும் கொஞ்சம் கனமா எடுத்துடலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர்தான் இருக்கே" என்கிறான் தம்பி. தாய்மாமன் சீர் அவன் பொறுப்பு, அவன் கணக்கும் தப்பில்லை. ஸ்பீக்கரில் நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகமே கூடத்துக்கு வந்துவிடும். 1956இல் மறைந்தவரின் வாசிப்பை நான் கேட்டதெல்லாம் பதிவின் தயவால்தான்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று பதிவுக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் கெட்டிமேளத்தைப் போனிலிருந்து போட்டார்கள். தாலி முடிகிற நேரம் பார்த்து விளம்பரம் ஓடியது. பெண்ணின் அம்மா முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தவில்காரர் என்றால் ஐயரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். சைகை கிடைத்ததும் அடிப்பார், முடிச்சு விழத் தாமதமானால் அதுவரை நிறுத்தமாட்டார். தும்மலோ வேண்டாத சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் என்பார்கள் பெரியவர்கள்.

அதற்கு முந்தின பத்து நிமிஷம் எனக்கு இன்னும் பிடிக்கும். நாயனக்காரர் ஊதும் முனையில் செருகுகிற சீவாளியை வாயில் வைத்து ஊறவைப்பார். தவில்காரர் வலக்கை விரல் ஒவ்வொன்றிலும் கூடு மாட்டுவார். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்க்கும். தவில் பலாக்கட்டையில் குடைந்தது. முதல் அடி விழும்போது பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் தொடை அதிரும். பெரியம்மா "ஆனந்தபைரவி வாசிங்க தம்பி" என்றால் அங்கேயே வாசிப்பார்கள்.

குறையும் உண்டு. கோயில் வீதிக்கான வாத்தியம் சின்னக் கூடத்தில் காதை அடைக்கும். கைக்குழந்தைகள் மிரண்டு அழும்.

தாலாட்டில் இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் அடித்தபோது அக்கா மகன் கைக்குழந்தை. பல நாள் கரண்ட் இல்லை, டிவி இல்லை, போனில் சார்ஜும் இல்லை. இருட்டில் அம்மா பாடினாள். பிள்ளையை அடித்தது யார் என்று உறவு உறவாகக் கேட்கிற இடத்தில் எங்கள் பேர்களையே சேர்த்துப் பாடினாள். மாமன் முறை வந்ததும், பள்ளிக்கூடப் பையனாக இருந்த தம்பி "நான் அடிக்கலம்மா" என்றான்.

அம்மா இப்போது இல்லை. அக்கா போனில் எடுத்த நாற்பது விநாடிப் பதிவு இருக்கிறது. ஃபேன் இரைச்சலும் குக்கர் விசிலும் கலந்த அந்தப் பாட்டில்தான் என் மகள் தினமும் தூங்குகிறாள். யார் நேரில் வந்து பாடினாலும் எனக்கு அதற்கு ஈடாகாது.

தம்பியிடம் பேசி மேளத்துக்கு அச்சாரம் கொடுத்துவிட்டேன். காது குத்திய அன்று ராத்திரி பாப்பா வலியில் அழுவாள். போனை மறக்காமல் சார்ஜில் போட்டு வைக்க வேண்டும்.