சுவிஸ் பாஸா, பாதிக் கட்டண அட்டையா?

சுவிட்சர்லாந்துக்கு விமான டிக்கெட் போட்ட மறுநாளே எங்கள் வீட்டில் தொடங்கிய பஞ்சாயத்து இது. 8 நாள் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்குவதா, ஹாஃப் ஃபேர் கார்டு போதுமா? 2024 ஜூனில் நாங்கள் இருவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் போனோம். கார்டைத்தான் வாங்கினோம். மறுபடி போனாலும் அதையேதான் வாங்குவேன், ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பாஸ் இருந்தால் ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எதிலும் டிக்கெட் எடுக்காமல் ஏறலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்குள் சும்மாவே போகலாம். கார்டு ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான டிக்கெட்டுகளைப் பாதி விலையாக்கும். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: பெற்றோரிடம் எது இருந்தாலும் இலவசமாக ஃபேமிலி கார்டு (பெற்றோரோடு வரும் பிள்ளைகளுக்கான இலவசப் பயண அட்டை) கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்போது இரண்டாம் வகுப்பு 8 நாள் பாஸ் 419 பிராங்க், கார்டு 120. தலைக்கு 299 பிராங்க் வித்தியாசம். கார்டில் பாதி விலைதான் என்பதால், அந்த 299-ஐப் போல் இருமடங்கு, அதாவது 598 பிராங்க் முழு விலைக்கு ஊர் சுற்றினால்தான் பாஸ் கட்டுப்படியாகும். ஐந்து இரவு லாட்டர்புருன்னன் என்ற மலைக் கிராமத்தில், இரண்டு லூசர்ன் நகரில் என்று தங்கிய எங்களுக்கு, மலை டிக்கெட்டுகள் நீங்கலாக, கார்டைக் காட்டிப் பாதி விலைக்கு எடுத்த டிக்கெட் செலவு 200 பிராங்கைக்கூடத் தொடவில்லை. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புமுன் அன்றைய விலையில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

சரி, மலைக்கு வருவோம். ரிகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் மூன்றும் பாஸில் இலவசம், மறுக்கவில்லை. ஆனால் நம்மவர்கள் போவது 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக்குக்கு அல்லவா? பாஸ் உங்களை கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன் வரை இலவசமாகக் கொண்டுபோகும். அதற்கு மேலே வெறும் 25% தள்ளுபடிதான். கார்டுக்கு அடியிலிருந்து உச்சிவரை பாதி விலை. கோர்னர்கிராட், டிட்லிஸ் போன்றவற்றில் இரண்டுக்குமே பாதிதான். 419 கொடுத்த பிறகும் உச்சிக்குப் போக மறுபடி பர்ஸைத் திறக்கத்தான் வேண்டும்.

எங்களுக்கு முடிவு சொன்னது மழை. பாஸின் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். (நாட்களைப் பிரித்து எடுக்க ஃப்ளெக்ஸ் பாஸ் உண்டு, அதற்கு விலை இன்னும் கூடுதல்.) காலையில் மலையுச்சியைக் காட்டும் நேரலைக் கேமராவை இணையத்தில் பார்த்தால் இரண்டு நாள் திரை முழுக்க வெள்ளை. பிள்ளைகள் சீட்டாடினார்கள், நான் ரசம் வைத்தேன், பயணச் செலவு பூஜ்யம். பாஸ் கையில் இருந்திருந்தால் அந்த ஒவ்வொரு நாளும் எங்கள் இருவருக்குமாக நூறு பிராங்குக்கு மேல் கரைந்திருக்கும். ‘காசு வீணாகிறதே’ என்று மழையிலேயே கிளம்பியும் இருப்போம், என்னை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. காலை ஏழு மணிக்குக் கேமராவில் உச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம்தான் டிக்கெட் எடுத்தோம்.

கார்டில் தொல்லை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டிக்கெட் ஞாபகம் வேண்டும். ரயில்வே செயலியில் ஈஸிரைடு என்ற வசதி உண்டு: வண்டியில் ஏறும்போது ஃபோன் திரையில் ஒரு இழுப்பு, இறங்கும்போது ஒரு இழுப்பு, கட்டணத்தை அதுவே போட்டுக்கொள்ளும். ஒருநாள் இறங்கும்போது இழுக்க மறந்து நடந்துகொண்டிருந்தேன், மகள்தான் நினைவுபடுத்தினாள். வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புவதென்றால் இந்த வேலையே வேண்டாம், பாஸ் வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

தினம் ஒரு ஊர் என்று சூரிக், மோன்ட்ரோ, செர்மாட், செயின்ட் மோரிட்ஸ் எனப் பறப்பவர்களுக்கும் பாஸ்தான் சரி. மோன்ட்ரோ பக்கத்து சியோன் கோட்டையும் அதிலேயே இலவசம். செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே ஓடும் சுற்றுலா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸில் நாங்கள் ஏறவில்லை, அனுபவமாகச் சொல்ல முடியாது. பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் சரி, லூசர்ன், பாசல் போன்ற ஊர்களில் அறைச் சாவியோடு விருந்தினர் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். ஊருக்குள் பஸ்ஸில் அதை வைத்தே இலவசமாகப் போய்விடலாம்.