முழங்கால் வலிக்கு இன்சோலா, பிசியோவா?

வெள்ளியங்கிரியில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது மலை வரை போய்த் தரிசனமும் ஆயிற்று. இறங்கி வரும்போதுதான் வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால் யாரோ ஆணி வைத்து அழுத்துவதுபோல ஆரம்பித்தது. அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி மட்டும் இல்லையென்றால் கடைசி மலையின் கல் படிகளை உட்கார்ந்தே கடந்திருப்பேன்.

அப்போது எனக்கு 39 வயது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன், போகவில்லை. படி இறங்கினால் வலி, குந்தினால் வலி, தியேட்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் வலி. எக்ஸ்ரேயில் தேய்மானம் எதுவும் இல்லை. சில்லைச் சுற்றி வரும் வலிதான், கத்தி வைக்கும் சமாச்சாரம் இல்லை என்றார் டாக்டர். பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்கிறது. ஷூவுக்குள் இன்சோல், அதாவது பாத வளைவைத் தாங்கும் மெத்தை, வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பிசியோவுக்குப் போங்கள் என்று இரண்டு வழி காட்டினார். நான் இரண்டிலும் நடந்துவிட்டேன். இன்று யாராவது கேட்டால் பிசியோ என்றுதான் சொல்வேன். அதற்கான காரணம் மருத்துவப் புத்தகத்தில் இல்லை, நம் வீட்டு வாசலில் இருக்கிறது.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாதத்தை அளவெடுத்துச் செய்த இன்சோலுக்கு 3,800 ரூபாய். பிசியோ 12 முறை, ஒரு முறைக்கு 400. ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம்.

முதலில் போனது இன்சோலுக்கு. சோம்பேறித்தனம்தான், வேறென்ன? வாங்கினோம், ஷூவுக்குள் வைத்தோம், முடிந்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வாரத்திலேயே ஆபீஸ் படிகளில் வித்தியாசம் தெரிந்தது. பாதம் உள்பக்கம் சரியும்போது கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பும் சேர்ந்து உள்ளே திரும்புகிறது, அந்த முறுக்கு முழங்கால் வரை ஏறுகிறது. பாத வளைவுக்குக் கீழே ஒரு முட்டுக்கொடுத்தால் அது குறைகிறது. வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஷூவில் வைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே நான்கைந்து முறை பாதி குந்தி எழுந்து பாருங்கள். அந்த நிமிடமே வலி குறைந்தால், உங்களுக்கு அது உதவ வாய்ப்பு அதிகம்.

சரி, அப்புறம் ஏன் மாறினேன்?

ஒரு நாள் கணக்குப் போட்டேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்ததிலிருந்து எட்டரை வரை வெறுங்கால். மாடிக்குத் தண்ணீர் பார்க்க ஏறி இறங்குவது, கீழ் அலமாரியில் எதையோ தேடிக் குந்துவது, பூஜை அறையில் தரையில் உட்கார்ந்து எழுவது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான். ஒன்பதிலிருந்து ஆறு வரை ஷூ. ஆனால் அதில் ஏழு மணி நேரம் நாற்காலியில். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி வெறுங்கால். கடைக்குப் போனால் செருப்பு. கோயில், கல்யாண வீட்டுப் பந்தி, உறவுக்காரர் வீடு எல்லாவற்றிலும் வாசலோடு காலணி நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஷூவே கிடையாது. அதாவது, முட்டி வலிக்கும் வேலைகளில் முக்கால்வாசியை நான் இன்சோல் இல்லாமல்தான் செய்துகொண்டிருந்தேன். வெள்ளியங்கிரியையே பலர் வெறுங்காலில்தான் ஏறுகிறார்கள். 3,800 ரூபாய்ச் சாமான் பெரும்பாலும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

செருப்பிலேயே வளைவு வைத்துத் தைத்துத் தரச் சொல்லலாம்; எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பரில் செருப்பு செய்பவர்கள் அதைச் செய்து தருகிறார்கள். ஆனால் அதையும் வாசலில் கழற்றத்தானே வேண்டும்?

பராமரிப்பிலும் இதே கதைதான். ஃபோம் அமுங்கும். வேர்வையில் நாறும். எனக்குப் பத்து மாதத்தில் குதிகால் பக்கம் தட்டையாகிவிட்டது.

பிசியோவிலும் முதலில் சறுக்கினேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் ஐந்து நாள் முட்டியைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டி, ‘சுருக் சுருக்’ என்று கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்பினார்கள். சுகமாக இருந்தது, வீடு வந்து சேரும்வரை. இந்த வலிக்கு இப்படிக் கரண்ட் சிகிச்சைகளைப் பரிந்துரைப்பதில்லை. இடுப்புக்கும் முழங்காலுக்கும் சேர்த்துச் செய்யும் உடற்பயிற்சியே முதல் மருந்து என்று 2018-இல் இந்தத் துறை நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கை, இன்சோல் குறுகிய காலத்துக்கு உதவும் என்றும் சொல்கிறது.

இரண்டாவது இடத்தில் இருந்த பெண் மெஷின் பக்கமே போகவில்லை. “சார், கண்ணாடி முன்னாடி ஒத்தக் கால்ல நின்னு பாதி உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். “முட்டி உள்ள போகுது பாருங்க. முட்டி மேல தப்பில்ல சார், இடுப்புக்குத்தான் பலமில்ல.” பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு முட்டியை விரிப்பது, சுவரில் சாய்ந்து அரை நாற்காலிபோல நிற்பது, குட்டைப் படியிலிருந்து மெதுவாக ஒரு காலை இறக்குவது. அவ்வளவுதான், தினமும் இருபது நிமிடம். செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி.

மூன்றாவது வாரம் விட்டுவிடலாம் என்றிருந்தது. ஒன்றும் மாறவில்லை. ஏழாவது வாரம்தான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிவிட்டேன் என்பதே பாதி வழியில் உறைத்தது. அதுவும் வெறுங்காலில்.

ஆராய்ச்சி முழுக்க என் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 18 முதல் 40 வயது வரையுள்ள 179 பேரை நான்கு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. ஆறாவது வாரத்தில், வளைவு உள்ள இன்சோல் வெறும் தட்டை இன்சோலைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் பிசியோவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. பிசியோவோடு இன்சோலையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் லாபமும் இல்லை. ஒரு வருடம் கழித்து நான்கு குழுவுமே தேறியிருந்தது. ஆக, இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். சமமாக இருக்கும்போது, வாசலில் கழற்றி வைக்க முடியாததைத் தேர்ந்தெடுத்தேன்.

தினமும் எட்டு மணி நேரம் ஷூவோடு நிற்கிற டிராஃபிக் போலீஸ்காரராகவோ மில் தொழிலாளியாகவோ இருந்தால் என் கணக்கு தலைகீழாகலாம். என் பாதச் சாய்வும் லேசானதுதான். நன்றாகத் தட்டையான பாதம் உள்ளவர்களுக்கு இதை அப்படியே சொல்லமாட்டேன். அம்மா வயதுக்காரர்களின் தேய்மான வலி வேறு விஷயம், அதில் என் அனுபவம் செல்லாது. முட்டி வீங்கினாலோ, பாதியில் பூட்டிக்கொண்டாலோ இரண்டையும் விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பயிற்சிக்கும் பராமரிப்பு உண்டு. தீபாவளி சமயத்தில் மூன்று வாரம் விட்டேன், வலி எட்டிப் பார்த்தது. இப்போது வாரம் மூன்று நாள் செய்கிறேன். அமுங்கிய இன்சோல் இன்னும் ஆபீஸ் ஷூவுக்குள்தான் கிடக்கிறது. புதிது வாங்கவில்லை.