பழைய டெஸ்க்டாப்பில் கேம் ஆட: கார்டா, பிராசஸரா, மதர்போர்டையே மாற்றுவதா?

நான்காம் தலைமுறையோ ஆறாம் தலைமுறையோ ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை). இந்தப் பெட்டியில்தான் கேம் ஆட வேண்டும், கையில் இருப்பதோ அளவான பணம். அப்படியானால் வழிகள் நான்கு: தனி கரண்ட் கேபிள் கேட்காத சின்ன கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து மாற்றி 8 ஜிபி கார்டு, அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய பிராசஸர், மதர்போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவது.

நான்கையும் எடைபோட ஒரே கேள்வி போதும். இன்று போடும் பணத்தில் எவ்வளவு அடுத்த பெட்டிக்கும் கூட வரும்? கார்டு வரும், எஸ்எம்பிஎஸ் வரும், எஸ்எஸ்டி வரும். பழைய வகையான டிடிஆர்3 ராமும் பழைய சாக்கெட் பிராசஸரும் அந்த மதர்போர்டோடு போய்விடும்.

முதலில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம். ஆடிக்கொண்டிருக்கும்போதே கார்டின் பயன்பாடு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடு, நினைவகம், வெப்பநிலை எல்லாம் திரை ஓரத்தில் தெரியும். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தடை கார்டுதான். கார்டு 60, 70-இல் தள்ளாடியபடி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்ற எண்) விழுந்தால் பிராசஸரைச் சந்தேகிக்கலாம். பிராசஸரின் மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான்கு கோரில் ஒன்று முழுக்கத் திணறினாலும் மொத்தம் 50-க்குக் கீழேயே காட்டக்கூடும்; கோர் வாரியாகப் பார்க்க வேண்டும்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை உண்டு. விசிங்க்கையும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிட்டு ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் தடை கார்டு. அசையாமல் இருந்தால் பிராசஸர். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த கேமில் எண் ஏறாது.

எந்த வழியில் போனாலும் ராமை மட்டும் கவனியுங்கள். ஒரே 8 ஜிபி குச்சி இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்று சேர்ப்பதில் இரட்டை லாபம்: அளவும் 16 ஆகும், டூயல் சேனலும் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் தரவு தருவது) கிடைக்கும். டிடிஆர்3 அடுத்த பெட்டிக்கு வராதுதான். ஆனாலும் பழையதாகக் கிடைத்தால் இந்த ஒரு செலவு நியாயமானது. எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது. லோடிங் நேரத்தையும், திறந்தவெளி கேம்களில் ஓடும்போது வரும் விக்கலையும் குறைக்கும். சாட்டா எஸ்எஸ்டியே போதும். இன்டெல் 9 வரிசை சிப்செட்டுக்கு முந்தைய போர்டுகள் பெரும்பாலும் அதைவிட வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது.

சின்ன கார்டா, பெரிய கார்டா

| கார்டு | மின்சாரம் | நினைவகம் | பிசிஐஇ (கார்டு ஸ்லாட்) தலைமுறை, லேன் (தரவுத் தடம்) | கேபிள் |
|---|---|---|---|---|
| ஆர்எக்ஸ் 6400 | 53 வாட் | 4 ஜிபி | 4.0, 4 லேன் | வேண்டாம் |
| ஜிடிஎக்ஸ் 1650 | 75 வாட் | 4 ஜிபி | 3.0, 16 லேன் | பல மாடல்களுக்கு வேண்டாம் |
| ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி | 70 வாட் | 6 ஜிபி | 4.0, 8 லேன் | வேண்டாம் |
| ஆர்எக்ஸ் 580 | 185 வாட் | 4 / 8 ஜிபி | 3.0, 16 லேன் | 8 பின் |
| ஆர்எக்ஸ் 6600 | 132 வாட் | 8 ஜிபி | 4.0, 8 லேன் | 8 பின் |

கேபிள் இல்லாத மூன்றில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிதான் முன்னால் நிற்கிறது, டிஎல்எஸ்எஸ்ஸும் (குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் என்விடியா வசதி) உண்டு. ஆனால் இதே பெயரில் 130 வாட் எடுக்கும் 8 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. வேகம் வேறு, மின்தேவை வேறு. பெட்டியின் மேல் நினைவக அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 6400-ஐ வாங்க ஒரே ஒரு நல்ல காரணம்தான்: ஒரே ஸ்லாட் இடைவெளி மட்டும் உள்ள ஒல்லியான கேபினட். அதில் நுழையும் அரை உயர, ஒற்றை ஸ்லாட் மாடல்கள் இதில் கிடைக்கின்றன. மற்றபடி பழைய போர்டுக்கு இது பொருத்தமில்லை. லேன் நான்குதான், பிசிஐஇ 3.0 போர்டில் பாதையின் வேகம் பாதியாகி நொடிக்கு 4 ஜிபி அளவுக்கு வந்துவிடும். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாகவே வந்தாக வேண்டும், அங்கேதான் கேம் விக்குகிறது. டெக்ஸ்சரை 'மீடியம்' ஆக்கி 4 ஜிபிக்குள் அடக்கினால் ஓரளவு சரியாகும். வீடியோ என்கோடரும் இதில் கிடையாது. ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் செய்தால் முழுப் பாரமும் ஏற்கெனவே களைத்திருக்கும் பிராசஸர் தலையில்தான்.

ஆர்எக்ஸ் 580 பழைய சந்தையில் எங்கும் கிடைக்கும், ஆசை காட்டும். ஆனால் 2023 முதல் ஏஎம்டி அதைப் பிரதான டிரைவர் வரிசையிலிருந்து பிரித்துவிட்டது. ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டுவது) வன்பொருளும் இல்லை. 2025-இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்கள் அந்த வன்பொருள் இல்லாமல் ஓடவே ஓடாது, அதில் ஜிடிஎக்ஸ் 1650-உம் அடிபட்டுப்போகும். ஆர்எக்ஸ் 6600 அந்த கேமின் குறைந்தபட்சத் தேவையைத் தொடுகிறது, 580-ஐவிட 53 வாட் குறைவாக எடுத்துக்கொண்டு அதைவிட வேகமாகவும் ஓடுகிறது. 1080-க்கு இந்த ஐந்தில் எங்கள் தேர்வு இதுவே.

பழைய நான்கு கோர் பிராசஸரோடு ஏஎம்டியின் ரேடியான் (ஆர்எக்ஸ்) கார்டைச் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் என்விடியா டிரைவர் பிராசஸரிடம் கூடுதல் வேலை வாங்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளை இந்தப் பெட்டிகளுக்கு யோசிக்கவே வேண்டாம். ரீசைசபிள் பார் (பிராசஸர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லாவிட்டால் அவற்றின் வேகம் வெகுவாக விழும். அந்தக் காலத்து போர்டுகளின் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அது பெரும்பாலும் இருக்காது.

எஸ்எம்பிஎஸ்: இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்

ஸ்டிக்கரில் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 ஆல் பெருக்க 216 வாட். கார்டும் பிராசஸரும் பங்குபோட வேண்டியது அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 6600-க்கு நல்ல 450 வாட் போதும்.

8 பின் கேபிள் இல்லையே என்று சாட்டா பவரிலிருந்து மாற்றும் அடாப்டரைச் செருகுவது தீக்கு வழி. ஒரு சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட். 6 பின் இணைப்பே 75 வாட் வரை இழுக்கலாம், 8 பின் 150. தாங்காத பின் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி, பக்கத்துப் பின்னோடு ஒட்டிக்கொள்ளும்.

டெல், எச்பி, லெனோவோவின் பழைய ஆபீஸ் பெட்டிகளில் இன்னொரு சிக்கல். பல மாடல்களின் போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பு கிடையாது, அவரவர் சொந்த இணைப்புதான். மாற்று கேபிள் கிடைக்கிறது. ஆனால் சின்ன கேபினட்டில் வழக்கமான எஸ்எம்பிஎஸ் உட்காராது. அந்தப் பெட்டிகளுக்குக் கேபிள் கேட்காத கார்டோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அதே சாக்கெட்டா, புதிய போர்டா

ஐ5-4590-க்கு நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும் கூட்டமான தெருவுக்குள் நுழைந்ததும் கேம் தடுமாறும். அதே சாக்கெட்டில் ஐ7-4790 எட்டு த்ரெட் தரும், அந்தத் தடுமாற்றம் நன்றாகவே குறையும். 8 வரிசை சிப்செட் போர்டு என்றால் முதலில் பயாஸ் அப்டேட் வேண்டியிருக்கலாம். இன்டெலின் சர்வர் பிராசஸரான சியான் இ3-1231 வி3 கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். உள்கிராபிக்ஸ் இல்லாததால் கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது.

ஆறாம் தலைமுறையின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் பெரிய பொறி ஒன்று காத்திருக்கிறது. ஐ7-8700 ஆறாம் தலைமுறை போர்டில் அழகாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. அந்த போர்டுக்கு எல்லை ஐ7-7700.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரைசன் 1600 உள்ள பி350, பி450 போர்டுகளில் பெரும்பாலும் பயாஸ் அப்டேட் செய்தாலே 65 வாட் ரைசன் 5600 ஓடும். போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடுங்கள். கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓடவிட்டு, மெஷினை அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுக்கவும். காய்ந்த பேஸ்ட்டோடு நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

ஐ7-4790 வாங்கும் முன் விண்டோஸையும் கணக்கில் வையுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 முதல்தான் முறைப்படி ஏற்கும். வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (பூட் ஆகும்போதே மென்பொருளைச் சரிபார்ப்பது) இரண்டையும் கேட்கிறது. பேட்டில்ஃபீல்ட் 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. இந்த மாதிரி ஆன்லைன் கேம்கள்தான் உங்கள் முதல் ஆசை என்றால் பழைய சாக்கெட்டில் ஒரு காசும் போடாதீர்கள்; போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றுங்கள், கார்டு பிறகு வரட்டும். தனியாக ஆடும் கேம்கள் போதும் என்பவர்கள் எஸ்எம்பிஎஸ், ஆர்எக்ஸ் 6600, எஸ்எஸ்டி என்ற வரிசையில் வாங்கி, இரண்டு வருடம் கழித்து போர்டை மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய மூன்றும் அப்படியே புதுப் பெட்டிக்குப் போகும்.

மாட்டும்போது

பழைய டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் நீக்கிவிட்டு கார்டை மாற்றுங்கள். புதிய கார்டுகளில் விஜிஏ வெளியீடு கிடையாது. மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் ஆக்டிவ் டிஸ்ப்ளேபோர்ட் மாற்றி வேண்டும். கார்டு போட்ட பிறகு திரை கருப்பாகவே நின்றால் முதலில் கேபிள் கார்டில் இருக்கிறதா, போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பயாஸை அப்டேட் செய்து, அதிலுள்ள சிஎஸ்எம் அமைப்பை (பழைய முறையில் பூட் ஆக விடுவது) மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) டிஸ்க்கில் இருந்தால் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கருவி கொண்டு மாற்றாமல் சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டாம், பூட் ஆகாது.