மூன்று நொடி முந்திப் பேசும் ஜிபிஎஸ்

ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஜிபிஎஸ் மாட்யூல் இப்போ ரொம்ப மலிவாயிடுச்சே, ராஸ்பெர்ரி பையோட கோத்து வீட்டுக்கு ஒரு டைம் சர்வர் போட்டுடலாமா சார்? நீங்கதான் ரொம்ப நாளா வெச்சிருக்கீங்க." ராஸ்பெர்ரி பை என்பது கையடக்கக் கம்ப்யூட்டர்; டைம் சர்வர் என்பது வீட்டில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்களுக்குச் சரியான நேரம் சொல்லும் பெட்டி. போனில் ஆமாம், இல்லை என்று முடிக்க வரவில்லை. அதனால்தான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் உயிரே பிபிஎஸ்தான். ஒவ்வொரு நொடியும் தொடங்கும் கணத்தில் ரிசீவர் அனுப்பும் ஒற்றைத் துடிப்பு அது. என்னுடைய மலிவு போர்டில் நாலே பின்கள். பிபிஎஸ்ஸை வெளியே கொண்டு வராமல், விளக்கு மினுக்க மட்டும் விட்டிருந்தார்கள். அந்த எல்இடிக்குப் பக்கத்து ரெசிஸ்டரிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை சால்டர் செய்து, ராஸ்பெர்ரி பையின் ஜிபிஐஓ 18 என்ற பின்னில் சொருகினேன். ஆன்டெனா ஜன்னல் சன்ஷேடு மேல் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தால் பிழை என்று காட்டுவது சில நூறு நானோநொடி. இன்டர்நெட் சர்வர்களை வைத்து என் வீட்டு இணைப்பில் சில மில்லிநொடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. யூஎஸ்பியில் சொருகுகிற ரகமும் இந்த அளவுக்கு வராது. கம்ப்யூட்டர் அதை மில்லிநொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே காபி குடித்த காலைகள் உண்டு. வேறு பயன் கேட்காதீர்கள்.

இனி வயிற்றெரிச்சல்.

பிபிஎஸ் 'இப்போது' என்று சொல்லுமே தவிர, எந்த நொடி என்று சொல்லாது. அதைச் சொல்வது சீரியல் வழியே பின்னால் வருகிற என்எம்இஏ வரிகள். 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல், எனவே ஆடி அசைந்துதான் வரும். அந்தத் தாமதத்தை ஆஃப்செட் போட்டுச் சமாளித்துவிடலாம். சிக்கல் அந்த வரிகளில் இருக்கும் எண்ணில்.

ஜிபிஎஸ் கடிகாரம் 1980 ஜனவரி 6-இல் தொடங்கியது; பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது கூட்டும் ஒற்றை நொடியான லீப் செகண்டைக் கணக்கிலேயே எடுக்காது. 2017 தொடக்கத்திலிருந்து அது நம் கடிகாரங்களுக்கு அடிப்படையான உலக நேரமான யூடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்பதையும் செயற்கைக்கோளே அனுப்புகிறது, ஆனால் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரே ஒரு முறை. அதுவரை ரிசீவர் என்ன செய்யும்? தன் ஃபர்ம்வேரில் எழுதி வைத்த பழைய எண்ணைக் கழிக்கும். என்னுடையதில் அது 15. அதாவது 2012 ஜூலைக்கு முந்தைய உலகம். ஆகவே கரன்ட் போய் வந்ததும் என் டைம் சர்வர் நானோநொடித் துல்லியத்தோடு மூன்று நொடி முந்தி ஓடும். முகூர்த்த நிமிஷம் பிசகாமல் மண்டபத்துக்கு வந்து, தேதியை மட்டும் மாற்றிக்கொண்ட மாமா மாதிரி.

மூன்று நொடியில் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? ஹாம் ரேடியோவில் கம்ப்யூட்டர் வழியே குட்டிச் செய்திகள் பரிமாறும் எஃப்டி8 முறையைப் போடுகிறவர்களுக்குத் தெரியும். 15 நொடிக்கு ஒரு முறை, 12.64 நொடி நீளச் செய்தி. சுமார் இரண்டரை நொடிக்கு மேல் நம் கடிகாரம் விலகினால் எதுவும் டிகோட் ஆகாது. சிக்னலைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் கோடு கோடாக ஓடும், செய்திகள் வரவேண்டிய பக்கத்துக் கட்டம் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும். ஆன்டெனாவைச் சந்தேகிப்பீர்கள், கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பீர்கள். நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பன்னிரண்டரை நிமிடம் கடந்து எல்லாம் தானாகச் சரியாகிவிட்டிருக்கும். ரூட்டர் உயிர் பெறுவதற்குள் பை எழுந்துவிடுவதால், குறுக்கே கேட்க இன்டர்நெட் சர்வரும் கிடையாது. என் பையில் பேட்டரிக் கடிகாரமும் இல்லை. ஜிபிஎஸ் சொன்னதே வேதவாக்கு.

எனக்குக் கோபம் பழைய எண்ணின் மேல்கூட இல்லை. தன் எண் இன்னும் உறுதியாகவில்லை என்பது அந்த ரிசீவருக்கே தெரியும்! அதன் பைனரிச் செய்தியில் அதற்கென்று ஒரு பிட் இருக்கிறது. என்எம்இஏ வரியில் அதைச் சொல்ல இடமில்லை. 'ஏ' என்ற எழுத்தைப் போட்டு 'எல்லாம் செல்லும்' என்று கூசாமல் அனுப்பிவிடுகிறது. ஆன்டெனா கேபிள் மீட்டருக்கு ஐந்து நானோநொடி தாமதம் தரும் என்று கணக்குப் போட்டுத் திருத்துகிற கூட்டம் நாங்கள். எங்களிடம் இப்படி.

சரியான எண்ணை ஒருமுறை கேட்டுவிட்டால் ரிசீவர் நினைவில் வைத்துக்கொள்ளும், போர்டில் உள்ள பொட்டு பேட்டரி உயிரோடு இருந்தால். என்னுடையது செத்தே போயிருந்தது. போன மாதம் மொபைல் சர்வீஸ் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். "அண்ணே, மொத்த போர்டே புதுசா வாங்கிடலாமே, எதுக்கு இந்தப் பாடு?" என்றான். பதில் சொல்லவில்லை. நேர்த்தியாக மாற்றிக் கொடுத்தான். அதன்பின் சின்னச் சின்ன கரன்ட் கட்டுகளில் தொல்லையில்லை. நாலைந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் பொட்டு பேட்டரி தீர்ந்து, பழைய கதைதான். அதற்காகப் பை எழுந்த முதல் கால் மணி நேரம் ஜிபிஎஸ்ஸைக் காதில் வாங்காதே என்று ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். துல்லியத்துக்காக வாங்கிய பொருளை நம்பாதே என்று கம்ப்யூட்டருக்கு நானே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

2035-க்குள் லீப் செகண்ட் தொல்லையை அடக்கிவிடுவதாக 2022-இல் சர்வதேச எடை அளவை மாநாட்டில் முடிவெடுத்தார்கள். மகிழ்ச்சி. என் போர்டு அப்போதும் 15 என்றுதான் சொல்லும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். எஃப்டி8-க்கு இன்டர்நெட் நேரமே தாராளம். மலை மேல், நெட் இல்லாத இடத்தில் ரேடியோ போடுவேன் என்றால் புதிய தலைமுறை சிப், பிபிஎஸ்ஸுக்குத் தனிப் பின், கழற்றி மாட்டும் பேட்டரி, மூன்றும் உள்ள போர்டாகப் பார்த்துக் கொஞ்சம் காசு கூடப் போடுங்கள். 'அப்படியானால் உங்க பழசைக் கொடுங்களேன்' என்று மட்டும் கேட்க வேண்டாம். தருவதாக இல்லை.